மின்புலத்தைக் கொண்டு ஒரு செல்லை நகர்த்துவது எப்படி?

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 500 கோடி சிவப்பணுக்கள் இருக்கின்றன. வெள்ளையணுக்கள் நாற்பது லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. புற்றுநோய் பரவத் தொடங்கிய ஒருவரின் ரத்தத்தில், அதே ஒரு மில்லிலிட்டரில், கட்டியிலிருந்து கழன்று வந்த செல்கள் ஒன்றிரண்டு இருக்கலாம். பத்து இருந்தால் அதிகம். அந்த ஒன்றிரண்டை உயிரோடு தனியே எடுத்துவிட்டால், நோய் எப்படி மாறிவருகிறது, எந்த மருந்துக்கு மசியும் என்றெல்லாம் அதனிடமே கேட்டுப் பார்க்கலாம். ஆனால் எப்படி எடுப்பது? செல்லின் குறுக்களவு 10 முதல் 20 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. இடுக்கியால் தொட்டால் நசுங்கிவிடும்.

இதற்கு இருக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது மின்புலம். கண்ணாடித் தகட்டின் மேல் தலைமுடியை விட மெல்லிய இரண்டு தங்கக் கோடுகள் (இவைதான் மின்முனைகள்), அவற்றின் மேல் செல்கள் மிதந்து ஓடும் மெல்லிய நீர்ப்பாதை, கோடுகளுக்கு இடையே சில வோல்ட். அவ்வளவுதான் கருவி; இதைச் சில்லு (chip) என்பார்கள். எதுவும் செல்லைத் தொடுவதில்லை. அதன் மேல் சாயமோ, ஆன்டிபாடியோ, காந்தத் துகளோ ஒட்ட வேண்டியதில்லை. இந்த முறைக்கு டைஎலக்ட்ரோஃபோரசிஸ் என்று பெயர். பெயர் மிரட்டினாலும் உள்ளே இருக்கும் இயற்பியல் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

மின்புலம் என்றதும், செல்லுக்கு மின்னூட்டம் இருக்கும், அதற்கு மாறான மின்னூட்டம் உள்ள தகடு அதை இழுக்கும் என்றுதான் முதலில் தோன்றும். தவறில்லை. செல்லின் மேற்பரப்பு பொதுவாக எதிர் மின்னூட்டம் கொண்டது. நேர் மின்முனையை நோக்கி அது நகரவும் செய்யும். உப்புக்கரைசலில் சென்டிமீட்டருக்கு 1 வோல்ட் புலம் கொடுத்தால், சிவப்பணு நொடிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துபோகும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பல வகைச் செல்கள் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஊர்வதால், இதை வைத்து ஒன்றையொன்று பிரிப்பது கடினம். தவிர, இதற்கு ஒரே திசையில் பாயும் மின்னோட்டம் தேவை. 1.23 வோல்ட்டைத் தாண்டினாலே நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் ஆகத் தொடங்கும். நுண்ணிய பாதையில் ஒரு குமிழி அடைத்துக்கொண்டால் அன்றைய சோதனை முடிந்தது. மின்முனைக்குப் பக்கத்தில் அமிலமும் காரமும் சேர்ந்து செல்களையும் கொல்லும்.

எனவே செல்லின் நிகர மின்னூட்டத்தை மறந்துவிடுவோம். மின்னூட்டமே இல்லாத பொருளையும் மின்புலத்தால் இழுக்க முடியும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். நன்றாகக் காய்ந்த தலையில் பிளாஸ்டிக் சீப்பால் நாலு முறை வாரிவிட்டு, கிழித்துப் போட்ட துண்டுக் காகிதத்தின் அருகே கொண்டுபோனால் காகிதம் துள்ளி வந்து ஒட்டும். அந்தக் காகிதத்துக்கு நிகர மின்னூட்டம் எதுவும் கிடையாது. சீப்பின் மின்புலம் காகிதத்துக்குள் இருக்கும் நேர், எதிர் மின்னூட்டங்களைச் சற்றே பிரித்து இரு பக்கமும் ஒதுக்குகிறது. சீப்புக்கு அருகில் உள்ள பக்கம் ஈர்க்கப்படுகிறது, தள்ளியிருக்கும் பக்கம் விலக்கப்படுகிறது. சீப்புக்கு அருகில் புலம் வலிமையானது, தூரத்தில் வலுவற்றது. ஆகவே ஈர்ப்பு ஜெயிக்கிறது. புலம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்திருந்தால் இரண்டு விசைகளும் சமமாகி, காகிதம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

இந்த விஷயம் முழுவதும் அந்த ஏற்றத்தாழ்வில்தான் நிற்கிறது. சீரான புலம் நடுநிலையான பொருளை இழுக்காது. சீரற்ற புலம் இழுக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: சீப்பின் மின்னூட்டம் சட்டென்று தலைகீழாக மாறினாலும் காகிதத்துக்குள் பிரிந்த மின்னூட்டங்களும் கூடவே இடம் மாறிவிடும், இழுப்பின் திசை மாறாது. அதனால் நொடிக்கு லட்சக்கணக்கான முறை திசை மாறும் மாறுதிசை மின்னழுத்தத்தையே பயன்படுத்தலாம். அவ்வளவு வேகமாக மாறும்போது மின்முனையில் வேதிவினை நடக்க நேரமே கிடைப்பதில்லை. குமிழித் தொல்லை போயிற்று.

அமெரிக்க விஞ்ஞானி ஹெர்பர்ட் போல் 1951-இல் இந்த நகர்வுக்கு டைஎலக்ட்ரோஃபோரசிஸ் என்று பெயர் சூட்டினார். அப்போது அவர் பார்த்தது உயிரற்ற துகள்களை. 1966-இல் அவரும் அவருடைய சகா ஹாக்கும் இதே வழியில் உயிருள்ள ஈஸ்ட் செல்களையும் இறந்த ஈஸ்ட் செல்களையும் பிரித்துக் காட்டினார்கள். நிறையும் அளவும் ஏறக்குறைய ஒன்றேயான இரண்டு செல்களை மின்புலம் எப்படி வேறுபடுத்துகிறது? அதைப் புரிந்துகொள்ள, செல்லைச் சுற்றியிருக்கும் நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காகிதத்தைச் சுற்றிக் காற்று இருந்தது. காற்றை மின்புலம் பெரிதாகப் பாதிப்பதில்லை. செல்லைச் சுற்றி நீர் இருக்கிறது, அதில் கரைந்த உப்பு இருக்கிறது. அதற்குள்ளும் மின்னூட்டங்கள் புலத்துக்கு ஏற்ப நகரும். வலிமையான புலம் உள்ள இடத்துக்கு நீரும் போக விரும்புகிறது, செல்லும் போக விரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புலத்துக்கு யார் அதிகம் இணங்குகிறார்களோ அவர்கள் முன்னே போவார்கள். செல் அதிகம் இணங்கினால் அது மின்முனையின் விளிம்பை நோக்கி இழுக்கப்படும். இது நேர் வகை. நீர் அதிகம் இணங்கினால் செல் விளிம்பிலிருந்து தள்ளப்பட்டு, புலம் குறைவான இடத்தில் ஒதுங்கும். இது எதிர் வகை. ஒரே செல் ஒரே சில்லில் இரண்டு வகையாகவும் நடந்துகொள்ளும். அதை முடிவு செய்வது அதிர்வெண்.

செல்லை மின்சாரத்தின் பார்வையில் பார்ப்போம். உள்ளே இருப்பது பொட்டாசியம் முதலான உப்புகள் நிறைந்த நீர்; மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதைச் சுற்றி 5 முதல் 10 நானோமீட்டர் தடிமனில் கொழுப்பாலான ஒரு சவ்வு. மின்சாரத்தைக் கிட்டத்தட்ட கடத்தவே கடத்தாது. செல்லின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தச் சவ்வுதான் கதையின் நாயகன்.

மெதுவாக மாறும் மின்புலத்தில், நொடிக்குச் சில ஆயிரம் முறை என்று வைத்துக்கொள்வோம், அயனிகள் சவ்வு வரை வந்து முட்டி அங்கேயே குவியும். உள்ளே போக வழியில்லை. மின்னோட்டம் செல்லைச் சுற்றிக்கொண்டு போகும். வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு கடத்தாப் பந்து. நீர் ஜெயிக்கும், செல் தள்ளப்படும். அதிர்வெண்ணைக் கூட்டுங்கள். சவ்வு என்பது இரண்டு கடத்திகளுக்கு நடுவே உள்ள மெல்லிய காப்பு, அதாவது ஒரு மின்தேக்கி. வேகமாக மாறும் மின்னழுத்தத்தை மின்தேக்கி தடுக்காது. ஆகவே ஒரு கட்டத்துக்கு மேல் சவ்வு இல்லாதது போலவே ஆகிவிடும். புலம் செல்லின் உள்ளே நுழையும். உள்ளே உப்பு நிறைய. வெளியே நாம் வைத்திருப்பது உப்பு குறைந்த கரைசல் என்றால், இப்போது செல்தான் நல்ல கடத்தி. செல் இழுக்கப்படும். அதிர்வெண் இன்னும் பல மடங்கு கூடிப் பத்து, நூறு மெகாஹெர்ட்ஸ் என்று போனால் கடத்துதிறனின் செல்வாக்கு மங்கி, நீர் மீண்டும் முந்தும்.

தள்ளலிலிருந்து இழுப்புக்கு மாறும் அந்த அதிர்வெண்ணை மாற்றுப் புள்ளி என்று சொல்லலாம். அந்தப் புள்ளியில் செல்லின் மேல் விசையே இருக்காது. அது எங்கே விழும் என்பதைப் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வெளிக்கரைசலின் கடத்துதிறன், செல்லின் ஆரம், சவ்வின் மின்தேக்குதிறன். இறந்த செல்லுக்கு வருவோம். இறந்ததும் சவ்வு ஓட்டையாகி, உள்ளே இருந்த உப்பு வெளியே கசிந்துவிடும். காப்பும் இல்லை, உள்ளே கடத்தியும் இல்லை. உயிருள்ள செல் இழுக்கப்படும் அதிர்வெண்ணில் இதற்கு இழுபட எதுவும் மிச்சமில்லை. மின்புலம் அங்கே அளப்பது, சவ்வு தன் வேலையைச் செய்கிறதா என்பதை. உயிருக்கு இதைவிட நேரடியான சோதனைகள் அதிகம் இல்லை.

இவ்வளவையும் ஏன் நுண்ணிய சில்லில் செய்ய வேண்டும்? காரணம் கணக்கில் இருக்கிறது. விசை மின்புலத்தின் வர்க்கம் எவ்வளவு செங்குத்தாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. அதே மின்னழுத்தத்தை வைத்துக்கொண்டு மின்முனைகளுக்கு இடையிலான தூரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் விசை ஆயிரம் மடங்கு கூடும். 50 மைக்ரோமீட்டர் இடைவெளியில் வெறும் 5 வோல்ட் கொடுத்தால் சென்டிமீட்டருக்கு 1000 வோல்ட் புலம் கிடைக்கிறது. அதே புலத்தை 5 மில்லிமீட்டர் இடைவெளியில் பெற 500 வோல்ட் வேண்டும்; அப்போதும் புலம் செங்குத்தாக மாறாது என்பதால் விசை கிடைக்காது. விசை செல்லின் ஆரத்தின் கனத்தைப் பொறுத்தும் கூடும்: ஆரம் இரண்டு மடங்கானால் விசை எட்டு மடங்கு. 10 மைக்ரோமீட்டர் செல்லுக்கு, மேலே சொன்ன சில்லில், விசை நூறு பிக்கோநியூட்டன் என்ற அளவில் வரும் (ஒரு பிக்கோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் நீரில் மிதக்கும் அந்தச் செல்லின் நிகர எடை ஒரு பிக்கோநியூட்டன்கூட இல்லை. செல்லின் உலகில் இது பெரும் விசை. நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வரை அதை ஓட்டிச் செல்லும்.

ஈஸ்ட்டை வைத்து இதை நேரில் பார்ப்பது எளிது. பல கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்களுக்கு முதலில் காட்டுவதும் இதையே. கண்ணாடியின் மேல், விரல்களைக் கோத்தது போல் மாறி மாறி வரும் தங்கக் கோடுகள். அவற்றின் மேல் ஒளி ஊடுருவும் சிலிகோன் ரப்பரில் வார்த்த நீர்ப்பாதை. பேக்கரி ஈஸ்ட்டை உப்பு போக நீரில் பலமுறை கழுவி உள்ளே செலுத்துகிறோம். மெத்திலீன் நீலம் ஒரு துளி சேர்த்தால் இறந்த செல்கள் நீலமாகிவிடும், உயிருள்ளவை நிறமற்று இருக்கும். சிக்னல் ஜெனரேட்டரைச் சில மெகாஹெர்ட்ஸில் வைத்து 10 வோல்ட் கொடுத்ததும், நுண்ணோக்கியின் கீழே தாறுமாறாக மிதந்துகொண்டிருந்த நிறமற்ற செல்கள் கோடுகளின் விளிம்பை நோக்கி நகரத் தொடங்கும். சில நொடிகளில் விளிம்பு நெடுக ஒட்டிக்கொள்ளும். பின்னால் வந்தவை முன்னால் நிற்பவற்றின் முதுகில் ஒட்டி, இடைவெளியின் குறுக்கே மணிமாலை மாதிரி வரிசை கட்டும். ஒவ்வொரு செல்லும் தன் பக்கத்துப் புலத்தை வளைப்பதால் அடுத்த செல்லையும் இழுக்கிறது. மாலை அதனால் வருகிறது. நீலச் செல்களோ நீரோட்டத்தோடு போய்க்கொண்டே இருக்கும். அதிர்வெண்ணை நன்றாகக் குறைத்தால் பிடி தளர்ந்து மாலைகள் உதிரும். திருகைத் திருப்பியதும் கண்ணெதிரே இது நடப்பதை ஒருமுறை பார்த்தால் போதும். பத்துப் பக்கச் சமன்பாடுகள் சொல்லாததைச் சொல்லிவிடும்.

புற்றுநோய்ச் செல்லுக்குத் திரும்புவோம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ஃபிரெடெரிக் பெக்கர், பீட்டர் கேஸ்காய்ன் முதலானோர் 1995-இல் ரத்தத்தில் கலந்த மார்பகப் புற்றுநோய்ச் செல்களை இந்த முறையில் பிரித்துக் காட்டினார்கள். எது அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது? இரண்டு விஷயங்கள். அவை பொதுவாக வெள்ளையணுக்களைவிடப் பெரியவை. அதோடு, அவற்றின் சவ்வு வழவழப்பாக இல்லாமல் மடிப்பும் முடிச்சுமாக, நுண்ணிய விரல்கள் நீட்டியபடி இருக்கும். மடிப்பு அதிகம் என்றால் அதே அளவு பந்துக்குள் அதிகச் சவ்வு அடங்கியிருக்கிறது; மின்தேக்குதிறன் கூடும்; மாற்றுப் புள்ளி கீழே இறங்கும்.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கரைசலின் கடத்துதிறன் மீட்டருக்கு 0.03 சீமென்ஸ். 6 மைக்ரோமீட்டர் ஆரமும், சதுர சென்டிமீட்டருக்கு 2 மைக்ரோஃபாரட் மின்தேக்குதிறன் கொண்ட சவ்வும் உள்ள புற்றுச்செல்லுக்கு மாற்றுப் புள்ளி 55 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் வரும். 3.5 மைக்ரோமீட்டர் ஆரமும் 1.1 மைக்ரோஃபாரட் சவ்வும் உள்ள லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுவுக்கு 175 கிலோஹெர்ட்ஸ் வாக்கில். நடுவில் 100 கிலோஹெர்ட்ஸில் நின்றுகொண்டால் புற்றுச்செல் கீழே மின்முனைக்கு இழுக்கப்படும், லிம்ஃபோசைட் மேலே தள்ளப்பட்டு ஓட்டத்தோடு போய்விடும். ஒரு செல்லின் சவ்வில் எத்தனை மடிப்பு என்பதை அதைத் தொடாமல், சாயமிடாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டு, பதிலுக்கு ஏற்ப வழி பிரித்து அனுப்புகிறோம்! உயிரியலும் மின்னியலும் இவ்வளவு அழகாகக் கைகோக்கும் இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நடைமுறையில் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. வெள்ளையணுக்களிலேயே பல வகை உண்டு. மோனோசைட் போன்ற பெரியவற்றின் மாற்றுப் புள்ளி புற்றுச்செல்லின் புள்ளிக்கு நெருங்கி வரும். புற்றுச்செல்களும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. இன்னொரு சங்கடம், ரத்தத்தின் உப்பு. ரத்த நீர்மத்தைப் போன்ற உப்புக்கரைசலின் கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ 1.5 சீமென்ஸ். வெளியே இவ்வளவு உப்பு இருந்தால் செல் எந்த அதிர்வெண்ணிலும் நீரை முந்த முடியாது, எப்போதும் தள்ளப்படும். சூடும் ஏறும். 10 வோல்ட் கொடுத்தால் உப்புக்கரைசலில் வெப்பநிலை 30 டிகிரி வரை உயரலாம், மீட்டருக்கு 0.01 சீமென்ஸ் உள்ள கரைசலில் 0.2 டிகிரிதான். எனவே செல்களைப் பெரும்பாலும் சர்க்கரைக் கரைசலுக்கு மாற்றுகிறார்கள்: 8.5 சதவீதம் சுக்ரோஸ், 0.3 சதவீதம் டெக்ஸ்ட்ரோஸ் என்பது ஆய்வகங்களில் வழக்கமான ஒரு பக்குவம். சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் சவ்வூடு பரவல் அழுத்தத்தைச் சமன் செய்வதால் செல் வெடிக்காமல் இருக்கும். இதிலும் நேரம் கடக்கக் கடக்கச் செல்லின் உள்ளிருக்கும் அயனிகள் மெல்லக் கசிந்து, மாற்றுப் புள்ளியே நகர்ந்துவிடும். எதையும் ஒட்டாமல் பிரிக்கிறோம் என்பதாலேயே செல்லை எதுவும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. இதைப் பலரும் அழுத்திச் சொல்வதில்லை.

தள்ளும் விசையையே சாதகமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. இத்தாலியின் பொலோன்யாவில் உருவான டெப்அரே என்ற கருவியில், சில்லின் தரை முழுவதும் சிறு சிறு மின்முனைகள் கட்டம் கட்டமாக இருக்கும். சுற்றியுள்ளவை தள்ளுவதால் நடுவில் ஒரு கண்ணுக்குத் தெரியாத கூண்டு உண்டாகி, ஒரு செல் அதில் தரையைத் தொடாமல் மிதக்கும். மின்முனைகளின் மின்னழுத்தத்தை முறையாக மாற்றினால் கூண்டு அடுத்த கட்டத்துக்கு நகரும், செல்லும் கூடவே போகும். இப்படி ஒரே ஒரு செல்லைத் தேர்ந்து வெளியே எடுத்துவிடலாம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மிங் வூ குழுவினர் 2005-இல் மின்முனைகளை வெட்டும் வேலையையே விட்டுவிட்டார்கள். ஒளி பட்டால் மட்டும் கடத்தும் சிலிக்கான் படலத்தின் மேல் புரொஜெக்டரால் படம் காட்டினால், வெளிச்சம் விழும் இடம் மின்முனையாகும். படத்தை நகர்த்தினால் செல் நகரும். 1.3 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் பரப்பில் அவர்கள் 15,000 பொறிகளை ஒரே நேரத்தில் உருவாக்கினார்கள்.

இதுவரை சொன்னது செல்லை நகர்த்துவது. அதே மின்புலம் செல்லைத் திறக்கவும் செய்யும். சீரான புலத்தில் வைத்த செல்லின் சவ்வின் மேல் விழும் மின்னழுத்தம், அதிகபட்சமாக, புலத்தையும் ஆரத்தையும் பெருக்கி ஒன்றரை மடங்கு ஆக்கினால் வருவது. அது ஏறத்தாழ 1 வோல்ட்டைத் தொட்டால் சவ்வில் நுண்துளைகள் திறக்கும். புலத்தைக் கணநேரம் மட்டும் கொடுக்கும் மின்துடிப்பு மிகக் குறுகியதாக இருந்தால் துளைகள் பின்பு மூடிக்கொள்ளும். 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள செல்லுக்கு இது சென்டிமீட்டருக்கு 1300 வோல்ட் புலம். 4 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள வழக்கமான குடுவையில் 500 வோல்ட்டுக்கு மேல் தேவை. 50 மைக்ரோமீட்டர் சில்லில் 7 வோல்ட் போதும். துளை திறந்திருக்கும் நேரத்தில் டிஎன்ஏவை உள்ளே நுழைக்கலாம். எபர்ஹார்ட் நியூமன் குழுவினர் 1982-இல் எலிச் செல்களில் செய்து காட்டியது இதைத்தான். 2023-இல் பிரிட்டனில் முதன்முதலாக அனுமதி பெற்ற கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சையில், அரிவாள் செல் நோயாளியின் ரத்த மூலச் செல்களுக்குள் திருத்தும் கருவி நுழைவதும் மின்துடிப்பு திறந்த துளைகள் வழியாகத்தான். அது பெரிய கருவியில் நடக்கிறது. 1996-இல் குளோனிங் முறையில் பிறந்த டாலி செம்மறியாடும், கரு நீக்கிய முட்டையோடு மடிச் செல்லை மின்துடிப்பால் இணைத்ததிலிருந்து வந்ததுதான்.

மேலே சொன்ன இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகர்த்தப் பயன்படுத்தியது சென்டிமீட்டருக்கு 1000 வோல்ட். துளை திறப்பது 1300. எல்லை அவ்வளவு நெருக்கம். நகர்த்தும்போது செல் பிழைத்திருப்பதற்கு ஒரு காரணம் மறுபடியும் அதிர்வெண்தான்: புலம் வேகமாக மாறும்போது சவ்வில் மின்னூட்டம் முழுதாகக் குவிய நேரமில்லை, சவ்வின் மேல் விழும் அழுத்தம் குறைந்துவிடுகிறது. அதே 5 வோல்ட்டைக் குறைந்த அதிர்வெண்ணில் கொடுப்பதற்கும் மெகாஹெர்ட்ஸில் கொடுப்பதற்கும் செல்லைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் உண்டு. புதிதாகச் சில்லு செய்பவர்கள் வோல்ட்டை மட்டும் குறித்துக்கொள்ளாமல், வோல்ட், அதிர்வெண், கரைசலின் கடத்துதிறன் மூன்றையும் சேர்த்தே குறித்துக்கொள்வது அதனால்தான்.

கடைசியாக வேகம். ஒளிரும் சாயம் பூசிய செல்களை லேசரால் அடையாளம் கண்டு பிரிக்கும் பெரிய கருவிகள் நொடிக்குப் பல்லாயிரம் செல்களைச் சோதித்து அனுப்பும். இந்தச் சில்லால் அந்த வேகம் முடியாது. மின்முனையின் பிடி சில பத்து மைக்ரோமீட்டர் உயரம் வரைதான் எட்டும் என்பதால் நீர்ப்பாதையை ஆழமாக்க முடியாது. ஓட்டத்தை வேகமாக்கினால் செல் பிடியிலிருந்து நழுவும். ஆகவே 500 கோடி சிவப்பணுக்களை ஒவ்வொன்றாக இந்தச் சில்லின் வழியே அனுப்புவதில்லை. முதலில் அவற்றை உடைத்தோ, மையவிலக்கில் சுழற்றியோ ஒதுக்கிவிட்டு, மிஞ்சியிருக்கும் செல்களை மட்டும் மின்புலத்திடம் கொண்டுவருகிறார்கள்.